ஹெட் இறக்கி ஏற்றிய பின் ஐடிலிங்கில் ஆட்டம்: பி0300 வருகிறது, பி0016 வரவில்லை

காவிரிப்பாலம் (வெள்ளி இரவு)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2014-இல் வாங்கிய 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். இதுவரை 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதங்களுக்கு முன் மதுரையிலிருந்து திருச்சிக்குத் திரும்பும் வழியில், விராலிமலையைத் தாண்டியதும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெடித்துவிட்டது. என் வண்டியில் வெப்பம் காட்டும் முள் கிடையாது, சிவப்பு விளக்கு மட்டுமே உண்டு. அது எரிந்ததைக் கண்டு நான் ஓரம் கட்டுவதற்குள் ஹெட் கேஸ்கட் (என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குக் கீழே உள்ள அடைப்பான்) போய்விட்டது.

வழக்கமாக விடும் பட்டறையிலேயே வேலை நடந்தது. ஹெட்டை இறக்கி லேத்தில் ஃபேஸிங் செய்து, வால்வுகளை லேப்பிங் செய்து, புதிய கேஸ்கட், தண்ணீர் பம்ப், டைமிங் செயின், டென்ஷனர், நான்கு பிளக்குகள் ஆகியவற்றை மாற்றினார்கள். மொத்தம் 38,000 ரூபாய் ஆனது. வண்டியை எடுத்த அன்றே ஐடிலிங்கில் ஆட்டம் தெரிந்தது. ஆர்பிஎம் 650-க்கும் 850-க்கும் இடையே அலைகிறது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கும் கதவும் நடுங்குகின்றன. ஆனால் 1,800-ஐத் தாண்டிவிட்டால் பட்டுப்போல ஓடுகிறது, இழுவையிலும் குறை சொல்ல முடியவில்லை.

"புது வேலை, 500 கிலோமீட்டர் ஓடினால் செட் ஆகிவிடும்" என்றார்கள். 300-ஆவது கிலோமீட்டரில் செக் என்ஜின் விளக்கு எரிந்தது, ஸ்கேனர் காட்டிய பிழைக் கோடு பி0300 (மிஸ்ஃபயர், அதாவது எரிப்பு தவறுதல்). அதை அழித்து அனுப்பினார்கள். அடுத்து பி0302, பி0304 (இரண்டாம், நான்காம் சிலிண்டரில் மிஸ்ஃபயர்) இரண்டும் சேர்ந்து வந்தன. பிளக்குக்குப் பொறி தரும் காயில்கள் இரண்டை மாற்றி, இன்ஜெக்டர்களையும் த்ராட்டில் பாடியையும் சுத்தம் செய்தார்கள். மேலும் 9,400 ரூபாய் போனதே தவிர ஆட்டம் அப்படியே இருக்கிறது. இப்போது இசியுவை (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்ற வேண்டியிருக்கலாம் என்கிறார்கள். அதற்குப் பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எண்பதில் போ (வெள்ளி இரவு)

இப்போது பங்கில் கிடைப்பது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல். 2014-ஆம் ஆண்டு வண்டி அதற்காகச் செய்யப்பட்டதன்று. பட்டறையில் கிடந்த நாட்களில் டாங்கில் தண்ணீர் சேர்ந்திருக்கவும் கூடும். டாங்கைக் காலி செய்து, வேறு பங்கில் நிரப்பிப் பாருங்கள். என் பழைய வண்டியிலும் இதே ஆட்டம் இருந்தது, பெட்ரோலை மாற்றியதும் நின்றது.

சேலத்து மாம்பழம் (சனி காலை)

பெட்ரோலுக்குப் போகும் முன் பானட்டைத் திறந்து கண்ணால் ஒரு சுற்றுப் பாருங்கள் நண்பரே. ஹெட்டை இறக்கும்போது பத்துப் பதினைந்து ஹோஸ்களையும் கனெக்டர்களையும் கழற்றியிருப்பார்கள். அவற்றில் ஒன்று மாட்டாமல் விடுபட்டாலும் இப்படித்தான் ஆடும். குறிப்பாக என்ஜினிலிருந்து பாடிக்குச் செல்லும் எர்த் ஒயரைப் பாருங்கள். அதைத் திரும்ப மாட்ட மறந்ததால் ஒரு வாரம் முழுவதும் சென்சார் சென்சாராக மாற்றிய கதை என் நண்பர் ஒருவருக்கு நடந்தது.

பழைய ஸ்பேனர் (சனி மதியம்)

கோவையில் 31 ஆண்டுகள் பட்டறை வைத்திருந்து, இப்போது மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வில் இருப்பவன் நான்.

தம்பி, முதலில் இசியு என்ற பேச்சை ஒதுக்கி வையுங்கள். வேலைக்கு முன் ஐடிலிங் நன்றாக இருந்தது, வேலைக்குப் பின் கெட்டது என்றால், கைபட்ட இடத்தில்தான் குற்றம் இருக்கும். இசியுவை யாரும் தொடவில்லை. ஹெட் வேலையின்போது காயில்களையும் கழற்றி மாட்டினார்களே தவிர, வேறெதுவும் செய்யவில்லை. கைபட்டவை எவை என்று பாருங்கள்: ஹெட், வால்வுகள், டேப்பட், செயின், இரண்டு மேனிஃபோல்டுகளின் (காற்று உள்ளே வரும் இன்டேக், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் குழாய்கள்) கேஸ்கட்டுகள், இன்ஜெக்டர் ஓ-ரிங்குகள், பிளக்குகள், ஹோஸ்கள், ஒயரிங். தேடலை இந்தப் பட்டியலுக்குள் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது, கோடைப் பதிவு செய்யாமல் அழித்தது பெரிய தவறு. கோடு விழும் கணத்தில் ஆர்பிஎம், தண்ணீரின் வெப்பம், லோடு, வண்டியின் வேகம் ஆகியவற்றை இசியு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று உறையவைத்து வைத்துக்கொள்ளும். அழிக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடுகிறது. சம்பவம் நடந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு போலீஸைக் கூப்பிடுவது போன்ற காரியம் அது.

மூன்றாவது, பி0300 என்றால் பிளக் அல்லது காயில் கெட்டது என்று பொருளன்று. எரிப்பு தவறியது என்று மட்டுமே அது சொல்கிறது. எந்த ஒரு சிலிண்டரிலும் நிலைக்காமல் மாறி மாறித் தவறுகிறது என்பதற்குத்தான் அந்த 00. பின்னால் வந்த 02-உம் 04-உம் அன்றைக்கு எண்ணிக்கையில் முந்திய சிலிண்டர்களாக இருக்கலாம். ஸ்கேனரில் நான்கு சிலிண்டரின் மிஸ்ஃபயர் எண்ணிக்கையையும் பாருங்கள். நான்கிலும் கலந்து இருந்தால், நான்குக்கும் பொதுவான காரணத்தைத் தேட வேண்டும். காயில் என்பது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி உறுப்பு. இரண்டு காயில்கள் ஒரே நாளில் கெட்டுப்போவது அரிது.

ஸ்கேனர் ஒன்றைக் கடன் வாங்கியாவது இந்த எண்களைத் தாருங்கள். சாவியைத் திருப்பி என்ஜினை ஓட்டாமல் மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது) காட்டுவது; என்ஜின் நன்கு சூடான பின் ஏசி அணைத்த நிலையில் ஐடிலிங்கில் மேப், ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃப்யூவல் டிரிம் (இசியு தன் கணக்குக்கு மேல் பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம்); பிறகு அதே எண்கள் 2,500 ஆர்பிஎம்மில். ஒரு பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தையும் எழுதுங்கள்.

காவிரிப்பாலம் (ஞாயிறு மாலை)

மிக்க நன்றி ஐயா. அலுவலக நண்பரிடம் ப்ளூடூத் ஸ்கேனர் இருந்தது. காலையில் 40 நிமிடம் ஓட்டிவிட்டு வீட்டு வாசலில் நிறுத்தி எடுத்த எண்கள் இவை.

என்ஜின் ஓடாமல் மேப் 99 கிலோபாஸ்கல் காட்டியது. தண்ணீர் 89 பாகையில், ஏசி இல்லாமல், ஐடிலிங்கில் மேப் 46-க்கும் 48-க்கும் இடையே நிற்கிறது. லாங் டெர்ம் மைனஸ் 13 சதவீதம். ஷார்ட் டெர்ம் மைனஸ் 4-ஐச் சுற்றிக் குதிக்கிறது. 2,500-இல் பிடித்தால் மேப் 30-க்கு இறங்குகிறது, லாங் டெர்ம் மைனஸ் 2 ஆகிவிடுகிறது.

மிஸ்ஃபயர் எண்ணிக்கை பத்து நிமிட ஐடிலிங்கில் முறையே 14, 21, 11, 19. மதியம் விளக்கு மீண்டும் எரிந்ததால் இம்முறை ஃப்ரீஸ் ஃப்ரேமையும் படம் எடுத்துவிட்டேன்: பி0300, 738 ஆர்பிஎம், 88 பாகை, வேகம் பூஜ்யம். பிளக்குகள் 700 கிலோமீட்டரே ஓடியவை. முனை கரி பூசியதுபோலக் கறுத்திருக்கிறது, விரலில் ஒட்டுகிறது.

ஹோஸ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். எல்லாம் மாட்டியே இருக்கின்றன. எர்த் ஒயரும் இறுக்கமாக இருக்கிறது.

அலைக்காட்டி (ஞாயிறு இரவு)

சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் துறையில் பணிபுரிகிறேன்; வார இறுதிகளில் கார்களின் சிக்னல்களை அலைக்காட்டியில் பார்ப்பது என் பொழுதுபோக்கு.

முதலில் இ20 பற்றி. அதன்மேல் எனக்கும் குறைகள் உண்டு, ஆனால் இந்த வழக்கில் அது குற்றவாளியன்று. எத்தனால் தனக்குள்ளேயே ஆக்சிஜனை வைத்திருப்பதால், இ10 பெட்ரோலுக்கு 14.1 பங்கு காற்று என்றால் இ20-க்கு ஏறத்தாழ 13.5 பங்கே போதும். அதாவது அதே காற்றுக்கு சுமார் 4 சதவீதம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். ஆகவே டிரிம் ப்ளஸ் பக்கம் நகர வேண்டும். நண்பரின் வண்டியில் அது மைனஸ் 13-இல் கிடக்கிறது. திசையே எதிர். மேலும், பெட்ரோல்தான் காரணம் என்றால் 2,500-இல் மட்டும் அது எப்படித் திருந்தும்?

அடுத்து காற்றுக் கசிவு. பி0300-உடன் ஆட்டம் என்றாலே கார்பரேட்டர் கிளீனரை எடுத்து மேனிஃபோல்டைச் சுற்றி அடிக்கும் வழக்கம் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் அதைச் செய்வது தீயோடு விளையாடுவது. இங்கே அதற்குத் தேவையும் இல்லை. இந்த என்ஜினில் உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் கிடையாது. மேனிஃபோல்டின் அழுத்தத்தை மேப் சென்சார் சொல்ல, அதோடு ஆர்பிஎம்மையும் காற்றின் வெப்பத்தையும் சேர்த்து, எவ்வளவு காற்று போயிருக்கும் என்று இசியு கணக்கிட்டுக்கொள்கிறது. ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் கசிவு வழியாக நுழையும் காற்று கணக்கில் வராததால் கலவை மெலிந்து பி0171 விழும். மேப் வண்டியில் கசிவுக் காற்றும் அழுத்தமாகக் கணக்கில் வந்துவிடும். அதற்கேற்பப் பெட்ரோலும் போகும். எனவே ஐடிலிங் ஏறி பி0507 விழுமே தவிர, டிரிம் பெரிதாக மாறாது. இங்கே ஐடிலிங் ஏறவில்லை, தள்ளாடுகிறது.

மீதமிருப்பது ஐடிலிங்கில் மேப் காட்டும் அந்த 47. திருச்சியில் வெளிக்காற்றின் அழுத்தம் 99 என்று சென்சார் சரியாகவே சொல்லிவிட்டது, ஆகவே சென்சாரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. நலமான என்ஜின் சூடான ஐடிலிங்கில் 30-லிருந்து 35-க்குள் இருக்கும். 47 என்றால், என்ஜினால் போதுமான அளவு உறிஞ்ச முடியவில்லை என்று பொருள். அந்த உயர்ந்த அழுத்தத்தை இசியு "நிறையக் காற்று வந்திருக்கிறது" என்று நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது; ஆக்சிஜன் சென்சார் "பெட்ரோல் அதிகம்" என்று புகார் சொல்ல, டிரிம் மைனஸுக்குப் போகிறது; பிளக் கறுக்கிறது. அழுத்தம் இருக்கிறது, அதற்கு ஏற்ற புதுக்காற்று இல்லை. அப்படியானால் மேனிஃபோல்டை நிரப்பியிருப்பது என்ன?

டீசல்மணம் (திங்கள் காலை)

டேப்பட்டைப் பார்க்கச் சொல்கிறேன். வால்வை லேப்பிங் செய்தால் அது சீட்டுக்குள் சற்று இறங்கும், தண்டு மேலேறும், டேப்பட் இடைவெளி (வால்வைத் தள்ளும் கேமுக்கும் டேப்பட்டுக்கும் நடுவே விடும் இடம்) குறையும். பக்கெட் டேப்பட் உள்ள என்ஜினில் பழைய பக்கெட்டுகளையே அளக்காமல் திரும்பப் போட்டிருந்தால், என்ஜின் சூடானதும் வால்வு முழுமையாக மூடாது. எங்கள் ஊரில் காஸ் கிட் போட்ட வண்டிகளில் எக்ஸாஸ்ட் வால்வுகள் இப்படி இறுகிப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழைய ஸ்பேனர் (திங்கள் மதியம்)

டீசல்மணம் சொல்வது அர்த்தமுள்ள சந்தேகம். ஹெட் வேலைக்குப் பின் நான் முதலில் அளப்பதும் அதைத்தான். ஆனால் இறுகிய டேப்பட்டின் குணம் வேறு: காலையில் குளிர்ந்த என்ஜின் ஒழுங்காக ஓடும், சூடு ஏற ஏறக் கெடும். அதோடு எட்டு எக்ஸாஸ்ட் வால்வுகளும் ஒரே அளவுக்கு இறுகுவதில்லை. ஒரு சிலிண்டர் மற்றதைவிட அதிகமாகத் தவறும். தம்பியின் எண்ணிக்கையில் நான்கும் ஏறத்தாழ ஒன்றுபோலக் குற்றம் செய்கின்றன.

இரண்டு சோதனைகள் வேண்டும். ஒன்று, மேனிஃபோல்டின் உறிஞ்சும் விசையை அளக்கும் வாக்குவம் மீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தப் பொருளை ஸ்கேனர் வந்த பிறகு பட்டறைகள் மறந்தே போயின. பிரேக் பூஸ்டர் ஹோஸில் ஒரு டீ (மூவழி இணைப்பு) போட்டு மாட்டினால், முள் எவ்வளவு காட்டுகிறது என்பதைவிட எப்படி நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். சீரான இடைவெளியில் துள்ளினால் ஏதோ ஒரு வால்வு ஒழுகுகிறது. தாழ்ந்த எண்ணில் அசையாமல் நின்றால் நான்கு சிலிண்டருக்கும் பொதுவான குறை. இரண்டாவது, நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்துக் கம்ப்ரஷன் பார்ப்பது. இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

நான் எங்கே போகிறேன் என்று சிலருக்குப் புரிந்திருக்கும். முடிவு தெரியும் வரை சொல்லாமல் இருப்பது நல்லது. கேட்டுவிட்டால் கண் அதையே தேடும்.

காவிரிப்பாலம் (புதன் இரவு)

இரண்டும் நடந்தன. வாக்குவம் 15 அங்குலத்தில் (பாதரச அளவு) சுவரில் ஆணி அடித்ததுபோல நின்றது, துள்ளவே இல்லை. கம்ப்ரஷன் 178, 175, 180, 172 பிஎஸ்ஐ. காலையில் குளிர்ந்த என்ஜினிலும் ஆட்டம் இருக்கிறது என்பதையும் கவனித்தேன்; ஆர்பிஎம் தானாகவே உயர்ந்து நிற்பதால் குறைவாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இந்த எண்களை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். டைமிங் தவறியிருக்குமோ என்று நானே கேட்டேன். மூத்த மெக்கானிக் சற்றுக் கோபப்பட்டார். "செயின் ஒரு பல் தள்ளியிருந்தால் பி0016 வரும், கம்ப்ரஷன் அடிவாங்கும், வண்டி இழுக்காது. இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கிறதா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது.

அலைக்காட்டி (புதன் இரவு)

அவருக்கான பதிலின் முதல் பகுதியை நான் சொல்கிறேன். இந்தியாவில் ஓபிடி-2 கட்டாயமானது 2013 ஏப்ரலில். உங்கள் 2014 வண்டி அதன் கீழ் வருவதால்தான் மிஸ்ஃபயரைச் சிலிண்டர்வாரியாக எண்ணுகிறது. எண்ணும் முறை எளியது: 750 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 80 மில்லிசெகண்ட், அதில் இரண்டு எரிப்புகள், ஆக 40 மில்லிசெகண்டுக்கு ஒரு தள்ளு. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டில் உள்ள கிராங்க் சென்சார் அந்தத் தள்ளுகளை அளந்து, எது பலவீனம் என்று சொல்கிறது.

பி0016 என்பது வேறு கணக்கு. கிராங்க் சென்சாரின் சிக்னலும் கேம் சென்சாரின் சிக்னலும் எதிர்பார்த்த இடைவெளியில் வருகின்றனவா என்று இசியு ஒப்பிடுகிறது. ஆனால் உங்கள் என்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் இரண்டு, கேம் சென்சார் ஒன்று. அந்த ஒன்று இன்டேக் பக்கம் இருக்கிறதா, எக்ஸாஸ்ட் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். சென்சார் இல்லாத கேம்ஷாஃப்டைப் பொறுத்தவரை இசியு குருடு. பார்க்காத கேமைப் பற்றி அது எப்படிப் புகார் எழுதும்?

பழைய ஸ்பேனர் (வியாழன் காலை)

இரண்டாம் பகுதி என்னுடையது. மெக்கானிக் தவறாகச் சொல்லவில்லை. அவர் சொன்ன மூன்று அறிகுறிகளும் இன்டேக் கேம் தவறினால் வருபவை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது கிடைக்கும் கம்ப்ரஷனைத் தீர்மானிப்பது இன்டேக் வால்வு எப்போது மூடுகிறது என்பதுதான். எக்ஸாஸ்ட் கேம் மட்டும் ஒரு பல் பின்தங்கினால் கம்ப்ரஷன் மீட்டருக்கு அது தெரியாது.

பின்தங்கினால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எக்ஸாஸ்ட் வால்வு மூடத் தாமதிக்கிறது. அதற்குள் இன்டேக் வால்வு திறந்துவிடுகிறது. இரண்டு கதவுகளும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் நீள்கிறது. ஐடிலிங்கில் மேனிஃபோல்டில் உறிஞ்சும் விசை அதிகம் என்பதால், எரிந்து முடிந்த புகை வெளியே போகாமல் பின்னோக்கி உள்ளே வருகிறது. அலைக்காட்டி கேட்ட கேள்விக்கு இதுவே விடை: மேனிஃபோல்டை நிரப்பியிருப்பது எரிந்த புகை. அது அழுத்தத்தைக் கூட்டும், ஆனால் எரிவதற்கு உதவாது. அதனால் எரிப்பு தவறுகிறது. 2,500-இல் த்ராட்டில் திறந்து காற்று வேகமாக ஓடும்போது, பின்வாங்கப் புகைக்கு நேரம் கிடைப்பதில்லை. ஆகவே பட்டுப்போல ஓடுகிறது.

சரிபார்க்க முன்கவரைத் திறக்க வேண்டியதில்லை. மேலே உள்ள வால்வு கவரை மட்டும் கழற்றுங்கள். பிளக்குகளை எடுத்துவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, சுழலும் திசையிலேயே கையால் சுற்றி, முதல் சிலிண்டரை எரிப்பு டிடிசிக்குக் (எரிப்பின்போது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) கொண்டுவாருங்கள். புல்லியின் குறி கவரில் உள்ள குறியோடு நிற்கும்போது, இரண்டு கேம் ஸ்ப்ராக்கெட்டுகளின் குறிகளும் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளபடி நிற்க வேண்டும். தாண்டிப் போய்விட்டால் திருப்பிச் சுற்றாதீர்கள், இன்னும் இரண்டு சுற்று முன்னோக்கியே வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. செயினில் நிறம் பூசிய கண்ணிகளை இப்போது பார்க்காதீர்கள். அவை செயினை முதன்முதலில் மாட்டும்போது மட்டுமே குறிகளோடு பொருந்தும். ஒருமுறை சுற்றிவிட்டால் இடம் பெயர்ந்துவிடும். மீண்டும் பொருந்தப் பல சுற்றுகள் ஆகும். நிறக்கண்ணி பொருந்தவில்லை என்று சரியாக இருந்த டைமிங்கைக் கழற்றிப் பாழாக்கியவர்களையும் கண்டிருக்கிறேன்.

காவிரிப்பாலம் (ஞாயிறு இரவு)

நேற்று மாலை பட்டறையில் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

கேம் சென்சார் இன்டேக் பக்கம்தான் இருக்கிறது. இதைச் சொன்னதும் மூத்த மெக்கானிக் ஒன்றும் பேசாமல் ஹெட்டையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து வால்வு கவரைக் கழற்றத் தொடங்கினார். பையன் புல்லியைச் சுற்ற, நான் டார்ச் பிடித்தேன். புல்லியின் வெட்டுக் குறி பூஜ்யத்தில் வந்து நின்றது. இன்டேக் ஸ்ப்ராக்கெட்டின் குறி ஹெட்டின் விளிம்போடு நூல் பிடித்ததுபோல இருந்தது. எக்ஸாஸ்ட் குறி விளிம்பைத் தொடவில்லை, சுழலும் திசைக்குச் சரியாக ஒரு பல் பின்னால் இருந்தது. அவர் நம்பாமல் இன்னும் இரண்டு சுற்று சுற்றச் சொன்னார். அதே இடம். வெள்ளை பெயிண்டால் அந்தப் பல்லில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, "இருக்கு சார்" என்றார், அவ்வளவுதான் சொன்னார்.

ஸ்ப்ராக்கெட்டில் பற்களை எண்ணினேன், 36. ஆக ஒரு பல் என்பது கேமில் 10 பாகை, கிராங்கில் 20 பாகை. நல்லவேளையாக அந்த அளவுக்கு வால்வு பிஸ்டனில் இடிக்கவில்லை.

எப்படி நேர்ந்தது என்பதையும் அவரே யோசித்துச் சொன்னார். செயினை மாட்டும்போது இரண்டு கேம் ஸ்ப்ராக்கெட்டுகளுக்கு நடுவில் தொய்வு இருந்திருக்கிறது. எக்ஸாஸ்ட் கேமைச் சற்று முன்னோக்கிப் பிடித்தபடி செயினைப் போட்டதால் குறி பொருந்தியதுபோலத் தோன்றியது. டென்ஷனரின் பின்னை இழுத்ததும் அந்தத் தொய்வு இழுபட்டு, கேம் ஒரு பல் பின்னே வந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு சுற்று கையால் சுற்றிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அன்று சனிக்கிழமை, கடை மூடும் நேரம் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

முன்கவரைத் திறந்து டென்ஷனரைப் பூட்டி, செயினைச் சரியாகப் போட்டு, இம்முறை என் கண் முன்னே நான்கு சுற்று சுற்றிக் காட்டினார். கவரை ஒட்டும்போது சிலிக்கான் பசையை மெல்லிய கோடாக மட்டும் இடச் சொன்னேன், உள்பக்கம் பிதுங்கும் துண்டுகள் ஆயில் சல்லடையை அடைக்கும் என்று எங்கோ படித்த பயம்தான். டேப்பட் இடைவெளியையும் அளந்தோம். எட்டாவது எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் குறைந்தபட்ச அளவை ஒட்டி இருந்தது, மற்றவை நடுவில் இருந்தன. டீசல்மணம் அவர்களின் சந்தேகமும் முற்றிலும் வீண் போகவில்லை. கூலி வாங்கவில்லை.

இன்று காலை சூடான ஐடிலிங்கில் மேப் 31, வாக்குவம் 20 அங்குலம், மிஸ்ஃபயர் நான்கிலும் பூஜ்யம்.

எண்பதில் போ (ஞாயிறு இரவு)

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான் போலிருக்கிறது. பெட்ரோலின் மேல் நான் போட்ட வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

சேலத்து மாம்பழம் (திங்கள் காலை)

இதே இழையில் என் கேள்வியையும் வைத்துவிடுகிறேன். ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுப்பதற்காக இன்டேக் மேனிஃபோல்டை இறக்கினோம். ஏற்றிய பின் ஐடிலிங் 1,400-இல் நிற்கிறது, கோடு பி0507. ஆட்டம் இல்லை, டிரிம் ப்ளஸ் 3. பேட்டரி கழற்றியதால் ஐடிலிங் லேர்னிங் அழிந்துவிட்டது, த்ராட்டிலை ரீசெட் செய்ய வேண்டும் என்கிறார்கள்.

பழைய ஸ்பேனர் (திங்கள் காலை)

லேர்னிங் அழிந்தால் சில கிலோமீட்டர் ஓட்டத்தில் தானே திரும்பக் கற்றுக்கொள்ளும். 1,400-இல் நிலையாக நிற்காது. அலைக்காட்டி மேலே எழுதியதை ஒருமுறை படியுங்கள், உங்கள் வண்டி அதன் நேர் உதாரணம். மேனிஃபோல்டின் அடிப்பக்கம் பிசிவி ஹோஸ் (என்ஜினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுவருவது) மாட்டும் முனை இருக்கும், மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது. கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ரீசெட் செய்தால் ஓட்டையோடு சேர்த்துத்தான் அது கற்றுக்கொள்ளும்.

சேலத்து மாம்பழம் (திங்கள் மாலை)

ஹோஸ் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டினேன், 780-க்கு வந்துவிட்டது. நானே முதல் பதிவில் ஹோஸைப் பார்க்கச் சொன்னவன் என்பதை யாரும் நினைவூட்ட வேண்டாம்.

காவிரிப்பாலம் (மூன்று வாரம் கழித்து)

1,100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். விளக்கு எரியவில்லை. கோடுகளை அழித்த பின் முடியாமல் இருந்த கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) சோதனையும் முடிந்து, அதன் குறையைச் சொல்லும் பி0420 வராமல் தேறிவிட்டது; இத்தனை நாள் எரியாத பெட்ரோல் அதற்குள் போனதை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். லாங் டெர்ம் டிரிம் ஐடிலிங்கிலும் 2,500-இலும் ப்ளஸ் 2.

ஏசி போட்டு நிற்கும்போது மட்டும் லேசான அதிர்வு இருக்கிறது. மிஸ்ஃபயர் எண்ணிக்கை பூஜ்யமாகவே இருப்பதால் எரிப்பில் குறை இல்லை என்று கொண்டு, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கீழ் என்ஜின் மவுன்டின் ரப்பர் கிழிந்திருக்கிறது. அதை வரும் ஞாயிறு மாற்றுகிறேன்.

பட்டறையில் மாற்றிக் கொடுத்த பழைய காயில்கள் இரண்டும் டிக்கியில் கிடந்தன. நேற்று அவற்றைத் திரும்ப மாட்டி, பெரம்பலூர் வரை போய் வந்தேன். ஒரு மிஸ்ஃபயர்கூட விழவில்லை.